பார்த்துக்கொள்வதும் படிப்பிப்பதும்

"கணிதம் படிச்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார்தானே, பௌதிகவியலையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்."

உயர்தரப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்ற பேச்சு வந்தபோது, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் விழுந்த முத்து இது. யார், எந்தக் கல்வி வலயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் எழுதவில்லை. எனக்குக் கோபம் அந்த மனிதரில் இல்லை, அந்தப் 'பார்த்துக்கொள்ளட்டும்' என்ற சொல்லில்தான். மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். முற்றத்தில் காயப்போட்ட நெல்லைப் பார்த்துக்கொள்ளலாம். உயர்தரப் பௌதிகவியலைப் படிப்பிக்கத்தான் வேண்டும்.

என் கதையையே சொல்கிறேன். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியராகப் போனேன். மண்முனைப் பாலம் வராத காலம், படகுப் பாதையில் வாவியைக் கடக்க வேண்டும். திங்கள் நியமனக் கடிதத்தைக் கொடுத்தேன், செவ்வாய் 13ஆம் தர வகுப்பு. நடுவில் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அன்று அழுத்தமானி, நீண்ட கம்பி ஒன்றை வைத்து மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் அமைப்பு. கம்பியின் இந்த முனையில் தொட்டாலும் அந்த முனையில் தொட்டாலும், எதிரெதிர்ப் பக்கம் போக வேண்டிய கல்வனோமானி (மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) ஊசி ஒரே பக்கம் போகிறது. "ஏன் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். குவாண்டம் பொறிமுறை எழுதிச் சித்தியடைந்த நான் "கம்பி பழுது" என்று பொய் சொன்னேன். இரவு இருந்து யோசித்த பிறகுதான் பிடிபட்டது: அளக்க வைத்த இரண்டாம் கலத்தின் முனைகளை மாற்றித் தொடுத்திருக்கிறேன். அந்தக் கலத்தின் மின்னியக்க விசை கம்பிக்குக் குறுக்கேயுள்ள அழுத்த வித்தியாசத்தைவிடக் கூடினாலும் இதுதான் நடக்கும். ஆசிரியப் பயிற்சியான பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஐந்து வருடம் கழித்து வந்தது. அதில் உளவியல் வந்தது, தத்துவம் வந்தது, அழுத்தமானி வரவில்லை.

பௌதிகவியலே படித்தவனுக்கு இந்த நிலை. அப்புறம், படிக்காதவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

"கணிதம் தெரிந்தால் மிச்சம் தானாக வரும்" என்பார்கள். சமன்பாடு வரும். பரீட்சையில் செய்முறைத் தேர்வு இல்லாவிட்டாலும் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் பெரும்பாலும் ஆய்வுகூடக் கேள்விகள்தான். நுண்ணிய நீளம் அளக்கும் வேர்னியரைக் கையால் தொடாத பிள்ளை அதைப் பாடமாக்கித்தான் எழுதும். "யூரியூப் இருக்குதே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நெற்வேர்க் கிடைக்க மரத்தில் ஏறும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

"ஆள் இல்லாவிட்டால் பிரிவையே மூடுவதா?" இது நியாயமான கேள்வி. ஒரு தவணைக்குச் சமாளியுங்கள், யார் வேண்டாம் என்றது? அந்த ஒரு தவணை ஆறு வருடமாவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரி மாணவர்கள் ஆசிரியராக மூன்று வருடம் தயாராகிறார்கள், கடைசி வருடம் பாடசாலைக்குள்ளேயே. உயர்தரத்துக்கு வருகிற பட்டதாரியை அப்படி ஒரு வருடம் மூத்த ஆசிரியர் ஒருவரின் பக்கத்தில் இருத்தினால் என்ன குறைந்துவிடும்?

பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா இருக்கிறதாம். இருக்கிறது, இடங்களில் 55 சதவீதம். ஆனால் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ், அதாவது சாதாரண சித்தி, வேண்டும். பௌதிகவியலில் எஃப் எடுத்துத் தவறிய பிள்ளைக்குக் கோட்டா எதற்கு, சட்டம் போட்டு மாட்டவா? கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் உயிரியல் பிரிவில் பெரும்பாலான பிள்ளைகளும் இந்தப் பாடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். டொக்டராக வரவேண்டிய பிள்ளையும் இதிலேதான் சறுக்குகிறது.

சரி, எனக்கு ஒருவர் போட்ட கொமன்ற்றுக்கும் வருகிறேன். "நீயும் டியூசன் கொடுக்கிறாய்தானே, பாடசாலையில் ஆள் வந்தால் உன் வருமானம் போகும், நடிக்காதே." ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கிறேன், உண்மை. கொப்பி வாங்கக் காசில்லாத எத்தனை பிள்ளைகள் அந்த வகுப்பின் பின் வாங்கில் இருந்தார்கள் என்று நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. இன்றைக்கும் எழுதமாட்டேன். எழுத வைக்காதீர்கள்.

நேற்று இரவு அந்தக் கணித ஆசிரியரே அழைத்தார். பாவம், சின்னப் பொடியன். "சேர், கோளமானியை ஒருக்கா காட்டித் தருவீங்களா?" என்றார்; வளைந்த பரப்பின் வளைவை அளக்கும் கருவி அது. ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் பேசியவரும் வரலாம். கதிரையை மட்டும் அவரே கொண்டுவர வேண்டும்.