ஓடவில்லையா, ஓடவிடவில்லையா?

நேற்றிலிருந்து எத்தனை பேர் அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிவிட்டீர்கள்! சீனாவில் கொரியன் டிராமா ஏன் படுத்தது என்று ஒரு ஆராய்ச்சி. கண்டுபிடித்த பதில்: கதையில் சரக்கில்லை, ஒரே மாதிரிக் காதல், ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. கடைசியில் 'சைம்டாங்' என்ற தொடரைக் காட்டி, பிரபல நடிகை லீ யங் ஏ நடித்தும் அங்கே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று தீர்ப்பு. கீழே தேதிகளைப் போட்டு நாலு வரி எழுதினேன். "எல்லாத்துலயும் அரசியலை இழுக்காதீங்க" என்று ஒருவர் பதில் போட, அதற்குத்தான் எத்தனை விருப்பக்குறி.

நான் இழுக்கவில்லை. அரசியல் அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்க்காமல் தொடரின் தலையில் பழியைப் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தொடர் ஓடவில்லை என்பது வேறு, ஓடவிடவில்லை என்பது வேறு.

முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். கொரியாவில் பழைய வழக்கம், நாலைந்து எபிசோடைக் கையில் வைத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்குவது. மீதியை வாரா வாரம் எழுதி, எடுத்து, எடிட் செய்து, ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் ஓடிப்போய்க் கொடுத்த கதைகளும் உண்டு. வேலை செய்பவர்களுக்கு நரகம். ஆனால் எந்த ஜோடி பிடித்திருக்கிறது, எந்தக் கிளைக்கதை இழுவை என்று பார்த்து அடுத்த வாரமே திருப்பிக்கொள்ளலாம். 2015 ஏப்ரலில் இணையத் தளங்களுக்குச் சீனா விதியை இறுக்கியது. வெளிநாட்டுத் தொடர் என்றால் கடைசி எபிசோட் வரை முடித்து, சீன சப்டைட்டிலோடு மொத்தமாகத் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் போடலாம். ஒரு தளம் முந்தைய ஆண்டு வாங்கிய உள்நாட்டுத் தொடர்களில் 30 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுத் தொடர் வாங்கவும் கூடாது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சியோலில் ஒளிபரப்பாகும் அதே நாளில் சீனாவிலும் வர வேண்டுமென்றால் முழுத் தொடரையும் முன்னாலேயே எடுத்து முடிக்க வேண்டும். ஒரு ரூபாய் விளம்பரம் வருவதற்கு முன்பே மொத்தச் செலவும் உள்ளே போய்விடும். அதே நாளில் வராவிட்டால் திருட்டுப் பிரதி முந்திக்கொள்ளும். அனுமதி வராவிட்டால் அதோகதிதான்.

'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' இந்த விதிக்காகவே முழுதாக முன்கூட்டி எடுக்கப்பட்டது. 16 எபிசோட், சுமார் 1,300 கோடி வொன் செலவு. 2016 பிப்ரவரி 24 அன்று கொரியாவின் கேபிஎஸ் 2 சேனலிலும் சீனாவின் ஐச்சியி தளத்திலும் ஒன்றாகத் தொடங்கியது. கொரியாவில் கடைசி எபிசோடுக்கு 38.8 சதவீத ரேட்டிங். சீனாவில் பார்வைகள் 200 கோடியைத் தாண்டின. நாயகன் சோங் ஜூங் கி மீது பைத்தியம் வேண்டாம் என்று பெண்களுக்குச் சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகமே வெய்போ சமூக வலைத்தளத்தில் எச்சரிக்கை போடும் அளவுக்குப் போனது.

2016 ஜூலை 8. 'தாட்' ஏவுகணைத் தடுப்பு அமைப்பைக் கொரிய மண்ணில் நிறுத்தப்போவதாக அமெரிக்காவும் தென் கொரியாவும் அறிவித்தன. அதன் ராடார் தன் நாட்டுக்குள்ளும் பார்க்கும் என்பது சீனாவின் கோபம். ஆகஸ்ட் 6 அன்று பெய்ஜிங்கில் கொரிய நட்சத்திரங்கள் கிம் வூ பின்னும் சூசியும் கலந்துகொள்ளவிருந்த ரசிகர் சந்திப்பு, தவிர்க்க முடியாத காரணம் என்ற ஒற்றை வரியோடு தள்ளிவைக்கப்பட்டது. அப்புறம் வரிசையாக எல்லாம். சீனத் தொடர்களில் நடித்துக்கொண்டிருந்த கொரிய நடிகர்கள் மாற்றப்பட்டார்கள், விளம்பரங்களில் முகம் மாறியது, புதுத் தொடர்களுக்கு அனுமதி நின்றது.

"தடை என்று உத்தரவு இருந்தால் காட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். உத்தரவு கிடையாது. சீன அரசு அப்படியொரு தடை இருப்பதாக ஒப்புக்கொண்டதே இல்லை. அனுமதியைத் தராமல் இருந்தாலே போதும் என்கிறபோது உத்தரவு எதற்கு? காகிதம் இல்லை என்பதால் நடந்தது இல்லை என்று ஆகிவிடாது.

சரி, சலித்துவிட்டது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 'டிசென்டன்ட்ஸ்' எழுதிய அதே கிம் உன் சூக் அதே ஆண்டு டிசம்பரில் 'காப்ளின்' கொடுத்தார். கோங் யூ நாயகன். கேபிள் சேனலான டிவிஎன்-இல் வந்து, கடைசி எபிசோடில் 20 சதவீதத்தைத் தாண்டியது. சீனாவில் அதை முறைப்படி ஒரு தளமும் போட முடியவில்லை. ஆனால் சீன இளைஞர்கள் அதைத் திருட்டுப் பிரதியில் தேடித்தேடிப் பார்த்தார்கள். அதே எழுத்தாளர், அதே ஆண்டு, அதே பார்வையாளர்கள். ஒன்று விற்றது, இன்னொன்றை விற்கவே முடியவில்லை. இடையில் மாறியது கதையா? 2021-இல் 'ஸ்க்விட் கேம்' வந்தபோதும் இதே நிலைதான். நெட்ஃபிளிக்ஸே இல்லாத நாட்டில் சுமார் 60 தளங்களில் திருட்டுத்தனமாக ஓடுகிறது என்று பெய்ஜிங்கில் இருந்த கொரியத் தூதரே சொன்னார். சலித்துப்போனவர்களா இப்படித் தேடிப் போவார்கள்?

இப்போது 'சைம்டாங்'. 'டே ஜாங் கும்' முடிந்து பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சின்னத்திரைக்கு வராமல் இருந்த லீ யங் ஏ திரும்பி வந்த தொடர். 2016-இலேயே முழுதும் எடுத்து முடித்தாயிற்று. அக்டோபரில் கொரியாவிலும் சீனாவிலும் சேர்ந்து போடுவதாகத் திட்டம். சீன அனுமதி வரவில்லை. காத்தார்கள், காத்தார்கள், கடைசியில் 2017 ஜனவரி 26 அன்று கொரியாவின் எஸ்பிஎஸ் சேனலில் சீனா இல்லாமலே தொடங்கினார்கள். முதல் நாள் 15 சதவீதத்தைத் தாண்டிய ரேட்டிங், பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அதே நேரத்தில் கேபிஎஸ்-இல் வந்த அலுவலக நகைச்சுவை 'சீஃப் கிம்' முந்திக்கொண்டது. நிகழ்காலத்துக்கும் ஜோசன் என்ற பழைய கொரிய மன்னராட்சிக் காலத்துக்கும் மாறி மாறித் தாவிய அமைப்பு கொரியர்களுக்கே பிடிபடவில்லை என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பழைய முறையில் எடுத்திருந்தால் மூன்றாவது வாரமே நிகழ்காலப் பகுதியைக் குறைத்திருப்பார்கள். எல்லாம் முடிந்து டப்பாவில் கிடந்ததால் எடிட்டிங் மேசையில் வெட்டி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. யாருக்காக முன்கூட்டி எடுத்தார்களோ அந்தச் சந்தையே கதவைச் சாத்திவிட்டது. சீனாவில் அது முறையாக வந்தது 2022 ஜனவரியில். வராத தொடரை ஒருவரும் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்?

இது சீனாவின் கதை மட்டுமல்ல. 'விண்டர் சொனாட்டா' என்ற கொரியத் தொடர் ஜப்பானின் என்எச்கே சேனலில் 2003-இல் வந்து, அங்கே கொரியா மீதிருந்த பார்வையையே மாற்றியது. 2012 ஆகஸ்டில் கொரிய அதிபர் லீ மியுங் பாக் டோக்டோ தீவில் கால் வைத்தார். ஜப்பான் தனதென்று சொல்லும் தீவு. அடுத்த சில நாட்களிலேயே அந்தத் தீவுக்கு நீந்திப் போகும் நிகழ்ச்சியில் நடிகர் சோங் இல் கூக் கலந்துகொண்டார். அவர் நடித்த தொடர்களை ஜப்பானியச் சேனல்கள் தள்ளிவைத்தன. அந்தத் தொடர்களுக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரே தொடரை மூன்று நாடு எப்படிப் பார்த்தது என்பதற்கும் 'டிசென்டன்ட்ஸ்'தான் சாட்சி. தாய்லாந்தில் அப்போதைய பிரதமர், ராணுவத் தளபதியாக இருந்தவர், இதுபோல் நாட்டுப்பற்று ஊட்டும் தொடர் நமக்கும் வேண்டும் என்றார். வியட்நாமில் ஒரு பத்திரிகையாளர் கொதித்து எழுதினார். வியட்நாம் போரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரிய வீரர்கள் துப்பாக்கியோடு வந்து போன மண்ணில், கொரியச் சீருடையை அழகாகக் காட்டும் தொடரைப் போடுவதா என்பது அவர் கேள்வி. ஊரில் கொலை விழுந்த வீட்டுக்காரர்கள் அந்தச் சீருடையை எப்படி ரசிப்பார்கள்? அதைக் 'கதையை மட்டும் பாருங்கள்' என்று அதட்ட யாருக்கும் உரிமையில்லை.

"நல்ல கதை தானாக எல்லை தாண்டும்" என்பவர்கள் மணிப்பூரைப் பாருங்கள். 2000-இல் அங்கே ஒரு தீவிரவாத அமைப்பு இந்திப் படங்களுக்குத் தடை போட்டது. தியேட்டரும் கேபிளும் காலியாயின. அந்த இடத்தில் கொரியச் சேனலான அரிராங் டிவி வந்தது, மியான்மர் எல்லையில் மோரே வழியாகத் திருட்டு டிவிடி வந்தது. இந்தியாவின் மற்ற இடங்களில் கொரியன் டிராமா பரவலாவதற்கு வெகு முன்பே இம்பாலில் பிள்ளைகள் கொரிய நடிகர்கள் போல முடி வெட்டிக்கொண்டார்கள். கதை நன்றாக இருந்தது, சரி. இடம் காலியாக இருந்ததே, அது யார் வேலை?

இதை எழுதினால் கொரியாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று உடனே ஒரு கூட்டம் வரும். எனக்கு ஒரு நாடும் சொந்தமில்லை. கொரியா செய்ததையும் சொல்கிறேன், கேளுங்கள். 1998 வரை ஜப்பானியப் படங்களுக்கும் பாட்டுக்கும் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு அது. 2021 மார்ச்சில் அங்கே நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்', 16 எபிசோட் திட்டம், எஸ்பிஎஸ். மார்ச் 22 அன்று முதல் எபிசோட். பின்னாளில் கொரியர்கள் போற்றும் செஜோங் மன்னராகப் போகும் இளவரசன் ஒரு மேலைநாட்டுப் பாதிரியாருக்கு விருந்து வைக்கும் காட்சி. மேசையில் சீன நிலாப் பணியாரம், கருப்பாகப் பதப்படுத்திய முட்டை, சீனக் கொழுக்கட்டை. கதை நடக்கும் உய்ஜு சீன எல்லையோர ஊர் என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? கொரியர்களின் கிம்ச்சி ஊறுகாயும் எங்களுடையது, ஹான்போக் உடையும் எங்களுடையது என்று சீன இணையவாசிகள் பேசிக்கொண்டிருந்த நேரம். சில நாள் முன்னால்தான் 'வின்சென்சோ' என்ற இன்னொரு தொடரில் பிபிம்பாப் என்ற கொரியச் சோற்றுணவைச் சீன நிறுவனத்தின் பெட்டியில் காட்டியதற்குக் கூச்சல் எழுந்தது; அந்தக் காட்சியையும் நீக்கினார்கள். ரசிகர்கள் விளம்பரதாரர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார்கள். விளம்பரங்கள் கழன்றன. 26-ஆம் தேதி தொடரையே எஸ்பிஎஸ் ரத்து செய்தது. உரிமத் தொகையில் பெரும்பகுதி கொடுத்தாகிவிட்டது, படப்பிடிப்பு 80 சதவீதம் முடிந்துவிட்டது. எழுத்தாளர் மன்னிப்புக் கேட்டார். இயக்குநர் கேட்டார். எழுதிக் கொடுத்ததைப் பேசிய நடிகர்கள் வரிசையாக வந்து கேட்டார்கள்.

வரலாற்றைத் திரித்தால் சும்மா இருப்பதா என்கிறீர்களா? கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். அந்த மேசைக் காட்சியை வெட்டச் சொல்லுங்கள், 'வின்சென்சோ'வில் வெட்டவில்லையா? ஒரு தட்டு முட்டைக்காகக் கேமராக்காரர், தையல்காரர், ஒப்பனைக்காரர், குதிரை ஓட்டியவர் என்று அத்தனை பேருடைய மாதக்கணக்கான உழைப்பையும் குப்பையில் கொட்டியாயிற்று. அந்தக் காணொளியில் இதுவும் 'மோசமான எழுத்தால் தோற்ற தொடர்கள்' பட்டியலில் இருக்கிறது. 16-இல் 2 எபிசோட்தான் வெளியே வந்தன. மீதியை நானும் பார்க்கவில்லை, பட்டியல் போட்டவரும் பார்க்கவில்லை. நல்ல தொடர் என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்து மோசம் என்கிறவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று மட்டும் சொல்லட்டும்.