மாமி அளவு கேட்டதில் என்ன பிழை?

மட்டக்களப்பு வாவிக்கரையில் இறால் பிடிக்கிற பெண்களுக்குத் தண்ணிச் சப்பாத்து, அதாவது தண்ணிக்குள் இறங்கப் போடுகிற சப்பாத்து, சும்மா கொடுத்த படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கீழே வந்த கருத்தையும் பார்த்திருப்பீர்கள்: "சும்மா குடுத்தாலும் அளவு கேக்குதுகள்." அதற்கு விருப்பம் போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அளவு கேட்டது என் மாமி. "மனே, இதில சின்னது கிடக்கா?" என்றுதான் கேட்டா. அவவின் கால் ஐந்தாம் இலக்கம். கொடுத்தது எல்லாம் ஆண்களின் ஒன்பது, பெட்டியில் ஐரோப்பிய அளவில் 43 என்று இருந்தது. அத்தாங்கு என்கிற கைவலையோடு இறால் பிடிக்க இறங்குகிற பெண்களுக்கு!

சப்பாத்தை நான் குறை சொல்லவில்லை. பாரமே இல்லை. மேலே வலைத்துணி, அடியில் தண்ணி வடிய ஓட்டை. காலுக்குப் பொருந்தினால் மட்டி ஓடும் போத்தல் ஓடும் கிழிக்காமல் காக்கும். பொருந்தினால் மட்டும்தான். ரோட்டில் போடுகிற சப்பாத்து கொஞ்சம் பெரிதென்றால் சமாளிக்கலாம். தண்ணிச் சப்பாத்து அப்படியில்லை. நனைந்தால் இளகும், உள்ளே காலுறையும் இல்லை. அதனால் காய்ந்திருக்கும்போதே குதி தூக்காமல் காலைப் பிடித்திருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் மணல் புகுந்து, ஊறிப்போன தோலை அரைத்துக் கொப்புளமாக்கிவிடும். சுரிச் சேற்றுக்குள் காலை இழுத்தால் கால் வரும், சப்பாத்து வராது.

"கயிறு இருக்குதானே, இறுக்கிக் கட்டலாமே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, கயிறு வாயைத்தான் இறுக்கும், நீளத்தைக் குறைக்காது. விரலுக்கு முன்னால் வெறுமையாகக் கிடக்கிற பகுதி சேற்றில் மடிந்து காலைத் தடுக்கும். இடுப்பளவு தண்ணியில் விழுந்து பார்த்தால் தெரியும்.

"பரம்பரையாக வெறுங்காலோடுதானே இறங்கினார்கள்?" இறங்கினார்கள். அந்தக் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? மாமிக்குச் சீனி வருத்தம், பாதத்தில் உணர்ச்சி குறைவு. போன மாரிக்கு முன் மட்டி ஓடு வெட்டியது அவவுக்கே தெரியாது. வீட்டுப் படியில் இரத்தத்தைக் கண்டு மச்சாள்தான் கத்தினாள். மறுகா எத்தனை கிழமை மருந்து கட்ட அலைந்தோம்! ஒரு விரலைக் காப்பாற்றியதே பெரிய காரியம். அப்படிப்பட்ட காலுக்கு உரசுகிற சப்பாத்தும் ஆபத்துதான். வெட்டாவது வெளியே தெரியும், உள்ளே கொப்புளம் உடைந்து புண்ணாவது கழற்றும்வரை தெரியாது.

கொடுத்தவர்களுக்கு நேரமில்லை என்கிறீர்கள். சரி. ஒரு கடதாசியில் காலை வைத்து, பேனையால் சுற்றிக் கீறி, பெருவிரல்வரை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? பின்னேரத்தில் அளந்தால் இன்னும் நல்லது, பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெறுங்காலில் நடந்து அகன்ற பாதங்கள் அவை, நீளம் சரியாக இருந்தாலும் சுண்டுவிரல் நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். படம் எடுக்க இருந்த நேரத்தில் பாதி போதும்.

பாசிக்குடாவில் ஆழமில்லாத கடலில் ஒரு மணித்தியாலம் நடக்க வருகிறவர் நாலு சோடியைப் போட்டுப் பார்த்து வாங்கலாம், அதை யாரும் நன்றிகெட்டதனம் என்று சொல்வதில்லை. 56 கிலோமீட்டர் நீள வாவியில் வயிற்றுப்பாட்டுக்காக இறங்குகிற பெண் வாயைத் திறந்தால் மட்டும் "கேக்குதுகள்". அவள் கால் காலில்லையா? வாங்கிய கைக்கு வாய் இருக்கக்கூடாது என்று எப்போது தீர்மானித்தீர்கள்?

மாமி இன்று காலையும் வெறுங்காலோடுதான் போனா. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் வெட்கப்படுகிறா, கேட்டதே பிழையோ என்று நினைக்கிறா. அவவின் முகம் தெரிகிற அந்தப் படத்தை முதலில் அழியுங்கள். மாற்றிக் கொடுக்க மனமிருந்தால் சொல்லுங்கள், வீடு வீடாகப் போய் எல்லாருடைய கால் அளவையும் நானே கீறிக்கொண்டு வந்து தருகிறேன்.