ஜிரார்டின் உயில் எல்லாக் குழந்தைகளுக்குமானதா?
அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பணக்காரர் ஸ்டீபன் ஜிரார்டைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர் தன் சொத்தை அனாதைக் குழந்தைகள் எல்லோருக்கும் எழுதி வைத்தார் என்று அது சொல்வது சரியில்லை. 1831இல் அவர் இறந்தபோது உயிலில் இருந்தது ஏழை வெள்ளையர் வீட்டு அனாதை ஆண்பிள்ளைகள் மட்டும். அந்தச் சொத்தில் பிலடெல்பியாவில் கட்டிய பள்ளியைச் சுற்றி எழுப்பிய உயரமான கல்மதிலுக்கு வெளியே 1965இல் கறுப்பின மக்கள் ஏழு மாதம் போராடினார்கள், மார்ட்டின் லூதர் கிங்கும் வந்து பேசினார். 1968இல்தான் கறுப்பின ஆண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. இத்தனைக்கும் 1793இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து ஊரே ஓடியபோது, புஷ் ஹில் மருத்துவமனைப் பொறுப்பை வலியப் போய் ஏற்று நோயாளிகளைக் கவனித்தவர் இதே ஜிரார்ட். அந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் கட்டுரை, மதிலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளையும் சொல்லியிருக்க வேண்டும்.