ரெஸ்லிங்க டிராமாவாக்குனது வின்ஸ் மெக்மேனா?

"80கள் வரைக்கும் ரெஸ்லிங் நிஜ சண்டை, வின்ஸ் மெக்மேன் வந்துதான் டிராமா ஆக்கிட்டாரு"ன்னு ஒரு ஃபார்வேர்டு சுத்திட்டு இருக்கு. தப்புங்க. WWE ரெஸ்லிங் கம்பெனிய நடத்துன வின்ஸ் பொறந்ததே 1945ல, அதுக்கு 20 வருஷம் முன்னாடியே யார் ஜெயிக்கணும்னு பேசி வச்சுட்டுதான் ரிங்குல ஏறுனாங்க.

அமெரிக்காவுல பழைய மேட்ச் எல்லாம் ரொம்ப இழுவை, 1916ல ஒமாஹாவுல ஜோ ஸ்டெக்கரும் எட் லூயிஸும் சுமார் அஞ்சு மணி நேரம் மோதி கடைசில டிரா, காசு குடுத்து வந்தவன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. அப்புறம் இதே லூயிஸ், அவரோட மேனேஜர் பில்லி சாண்டோ, இன்னொரு ரெஸ்லர் டூட்ஸ் மாண்ட் மூணு பேரும் கூட்டு சேர்ந்து டைம் லிமிட், வேகமான மூவ்ஸ்னு ஆட்டத்தையே மாத்துனாங்க.

1925 ஜனவரில வெய்ன் மன்னுன்னு ஒரு ஃபுட்பால் பிளேயர், மல்யுத்தம் பெருசா தெரியாது, அவர்கிட்ட லூயிஸ் வேணும்னே தோத்து பட்டத்த விட்டுக்குடுத்தாரு. ஏப்ரல்ல பிலடெல்ஃபியாவுல பேசி வச்சபடி மன்கிட்ட தோக்க வேண்டிய ஸ்பிஸ்கோங்கிற ரெஸ்லர், நாப்பது வயசு தாண்டுன மனுஷன், பேச்ச மீறி நிஜமாவே மல்லுக்கட்டி அவர திரும்பத் திரும்ப அமுக்கி பட்டத்தத் தூக்கிட்டுப் போயிட்டாரு, செம்ம சம்பவம்!

வின்ஸ் கம்பெனி பண்ணது வேற: 1989ல நியூ ஜெர்சில அரசு கமிஷன் கட்டுப்பாடு, வரி இதுலருந்து தப்பிக்க "இது என்டர்டெயின்மென்ட்தான்"னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.