நாலாவது தடவையா வாங்கின அதே ஆல்பம்

பழைய ஆல்பத்தோட ஒலியை மெருகேத்தி மறுபடி விக்கிற 'ரீமாஸ்டர்' பதிப்பை வாங்கி மறுபடியும் ஏமாந்துட்டேன். அட்டையில 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து'ன்னு பளபளன்னு ஒரு ஸ்டிக்கர். எந்த டேப்புய்யா? ஸ்டூடியோவில மிக்ஸ் பண்ணின முதல் டேப்பா, வெளிநாட்டுக்கு அனுப்பின நகலா, நகலோட நகலா? அதை மட்டும் பொடி எழுத்துலகூடப் போடமாட்டாங்க. ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் ஏறும், ட்ரம்ஸ் செட்டுல இருக்கிற சிம்பல்ஸ் தட்டோட மினுமினுப்பு மங்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவோட 'பெக்கர்ஸ் பாங்க்வெட்' ஆல்பம் 1968ல வந்தப்பவே வேகம் கொஞ்சம் குறைஞ்சுதான் ஓடுச்சு. அதைச் சரி பண்ண 2002 ஆச்சு. 34 வருஷம்! அதுவரைக்கும் வாங்கினவன் எல்லாம் இளிச்சவாயனா?

சரி, நல்ல டேப்பே கிடைச்சுதுன்னு வைங்க. சும்மா விடுவாங்களா? ஒலியோட உச்சங்களை அமுக்குற லிமிட்டரைப் போட்டு நசுக்கி, சத்தத்தை உச்சிக்குத் தூக்கிடறாங்க. கம்ப்யூட்டர்ல அலைவடிவத்தைத் திறந்தா மேடு பள்ளமே இல்லாம அசல் செங்கல். கிசுகிசுன்னு பாடுற இடமும் ட்ரம்ஸ் இடிக்கிற இடமும் ஒரே உசரம். ரெண்டு பாட்டு கேட்கறதுக்குள்ள தலைவலி.

என்கிட்ட 80கள்ல வந்த பழைய சிடி ஒண்ணு இருக்கு. சத்தம் கம்மிதான், வால்யூமைத் திருப்பிக்கிட்டாப் போச்சு. இப்பவும் அதைத்தான் கேட்கறேன். புதுசு, அழகான அட்டைப்பெட்டியோட, அலமாரியில தூசி வாங்கிட்டு இருக்கு.