கயிறு அழிக்கிறவன் பேசுகிறேன்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அக்கா பையன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். ஏதோ உளவாளிப் படத்தின் மேக்கிங் வீடியோ. "மாமா, ஹீரோ டூப்பே போடலையாம், எல்லாம் அவரே பண்ணாராம்!" நான் அதில் ஹீரோவைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பிலிருந்து மேலே போகும் இரண்டு கயிறுகளைத்தான் பார்த்தேன். தொழில் அப்படி.

வடபழனியில், சினிமாக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் திருத்தும் ஒரு விஎஃப்எக்ஸ் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கயிறு அழிக்கிறேன். ரோப் ரிமூவல் என்பார்கள். ஹீரோ மாடி விட்டு மாடி தாவுவார், கயிறு தெரியும். ஒவ்வொரு ஃபிரேமாக அதைத் துடைத்துவிட்டு, பின்னால் இருக்க வேண்டிய வானத்தையோ சுவரையோ நான் நிரப்ப வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம், ஆறு நொடி ஷாட் என்றால் 144. வெறும் நீல வானம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். புகை, மழை, கட்டம் போட்ட சட்டை என்றால் அந்த வாரம் போச்சு. ஷாட் முடிந்ததும் அதே கோணத்தில் ஆளில்லாமல் ஒரு க்ளீன் பிளேட் எடுத்துக் கொடுத்தால் பாதி வேலை மிச்சம். படப்பிடிப்பை முடித்துக் கிளம்பும் அவசரத்தில் எடுக்க மாட்டார்கள். கேட்டால், "நீங்கதான் சிஜில பண்ணிடுவீங்களே சார்."

டூப் பேச்சு வந்தாலே எல்லாரும் டாம் குரூஸைத்தான் இழுப்பார்கள். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். 2011 மிஷன் இம்பாசிபிளில் புர்ஜ் கலீஃபாவின் வெளிச்சுவரில் தொங்கியது அவரேதான், பொய்யில்லை. ஆனால் கட்டடத்தின் கண்ணாடிகள் சிலவற்றைக் கழற்றி, உள்ளிருந்து கட்டிய கம்பிகளில் தொங்கினார். அந்தக் கம்பிகள் தியேட்டரில் தெரியவில்லை என்றால் என்னைப் போல யாரோ உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2023 படத்தில் நார்வே மலையிலிருந்து பைக்கோடு குதித்தாரே, அந்த பைக் ஓடியது அங்கே கட்டிவைத்த ஒரு சாய்தளத்தின் மேல். அதைப் பாறையாக மாற்றியது கம்ப்யூட்டர். ஒரே நாளில் ஆறு தடவை குதித்தார் என்பதைவிட எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் காட்சியைப் படப்பிடிப்பின் முதல் நாளே வைத்துக்கொண்டதுதான். எசகுபிசகாக ஏதாவது ஆகிவிட்டால் மீதிப் படத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம் பாருங்கள்.

2017 ஆகஸ்டில் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அவருக்குக் கணுக்கால் உடைந்தது. அப்போதும் கயிறு கட்டித்தான் இருந்தார். அந்த ஷாட் அடுத்த வருடம் வந்த படத்தில் அப்படியே இருக்கிறது, எழுந்து நொண்டிக்கொண்டே போவார். கால் சரியாக வாரக்கணக்கில் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தார்கள். சாலிகிராமத்தில் ஒரு ஃபைட்டருக்குக் கணுக்கால் உடைந்தால் மறுநாள் காலை அந்த இடத்துக்கு வேறு ஃபைட்டர் வருவார். பேட்டாவும் அவருக்குத்தான்.

டூப் போடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1962-இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி மேல் பெரிய சிலந்தி ஊர்ந்து போகும். அவருக்கும் சிலந்திக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. உடம்பில் நிஜமாக ஊர்ந்த ஷாட்களுக்குப் படுத்தவர் பாப் சிம்மன்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர். அதனால் கானரியின் மவுசு குறைந்துவிட்டதா? (பாண்ட் என்றதும் நம்ம ஊர் விஜய் அமிர்தராஜ் ஞாபகம் வருகிறார். 1983-இல் வந்த பாண்ட் படத்தில் டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை விளாசுவார். அப்பா அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.)

2006 பாண்ட் படத்தில் கார் ஏழு தடவை உருளும், கின்னஸ் சாதனை. அந்தக் கார் தரையோடு தரையாக இருக்கும் வண்டி, சாய்தளத்தில் ஏற்றியும் கவிழவில்லை. கடைசியில் அடியில் நைட்ரஜன் பீரங்கி ஒன்றைப் பொருத்தி, தரையை நோக்கி வெடிக்கவைத்துப் புரட்டினார்கள். ஓட்டிய ஆடம் கிர்லி பத்திரமாக இறங்கி வந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பு. அங்கேயும் காரைப் பறக்கவிட்டுக் கவிழ்க்கும் காட்சிதான். ஓட்டிய ஸ்டண்ட் மாஸ்டர் உயிரோடு வரவில்லை. அதற்கு முந்தைய ஜூலையில் இதே சாலிகிராமத்தில், ஒரு உளவாளிப் படத்தின் ஒத்திகையில், 20 அடி உயரத்திலிருந்து விழுந்து ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்துபோனார். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் கயிற்று ஷாட்டைத் திறக்கவே யாருக்கும் கை வரவில்லை.

இதற்கும் என் வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அழிக்க முடியாத காலத்தில் கேமராவுக்குத் தெரியக்கூடாது என்று ஒல்லிக் கம்பியைப் போட்டு, பின்னணி நிறத்தில் பெயிண்ட் அடித்து, லைட்டை அதன் மேல் விழாமல் திருப்பி வைப்பார்கள். ஒல்லிக் கம்பி என்றால் அறுந்துபோகும் பயம். இன்றைக்கு அந்த அவசியமே இல்லை. விரல் தடிமனுக்குக் கயிறு போடலாம், கூடுதலாக இன்னொன்றும் கட்டலாம், அழித்துக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம். இருந்தும் பட்ஜெட் மீட்டிங்கில் ஒருவர் என்னிடம் கேட்டார், "ரெண்டாவது கயிறு இல்லேன்னா ரிமூவல்ல எவ்ளோ மிச்சமாகும்?" எந்தப் படம், எந்த கம்பெனி என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். நான் பதிலுக்கு ஒரு தொகையைக் கூட்டிச் சொன்னேன். இரண்டாவது கயிற்றை அழிக்கக் காசே வேண்டாம், அது இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அப்போது வாய் வரவில்லை.

டூப் போடவில்லை என்று ஒரு ஹீரோ சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான். அவர் பறக்கும்போது ஃபிரேமுக்கு வெளியே ஆறேழு ஃபைட்டர்கள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து எதிர்த்திசையில் ஓடுகிறார்கள். அவர்கள் அரை நொடி தாமதித்தால் ஹீரோவுக்கு முட்டி பெயரும். மேக்கிங் வீடியோக்காரர் கேமராவை அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினால் போதும்.

விருது விஷயத்தில் மட்டும் நாம் முந்திவிட்டோம். 2017-இல் அறிவித்த தேசிய விருதுகளிலேயே சண்டைப் பயிற்சிக்கு இடம் கொடுத்தாயிற்று. முதலில் வாங்கியவர் பீட்டர் ஹெய்ன், இங்கே ஃபைட்டராக ஆரம்பித்தவர். ஆஸ்கர்காரர்கள் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஸ்டண்டுக்கு விருது தரப்போகிறார்கள்.

கயிறு இழுக்கும் தம்பி ஒருவனை டீக்கடையில் அடிக்கடி பார்ப்பேன். போன மாதம் ஒரு ஷாட்டில் அவன் கையும் பாதி முகமும் ஃபிரேமின் ஓரத்தில் வந்துவிட்டன. 31 ஃபிரேம். அழித்தேன். மறுநாள் டீயைக் கையில் வாங்கியதுமே கேட்டான், "அண்ணே, அந்த மாடி ஷாட்ல நான் உள்ள வந்துட்டேனா? மாஸ்டர் திட்டினாரு."

"வந்திருந்தே. எடுத்துட்டேன்."

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு என் டீக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.