அவரைப் போகவிடுங்கள்

நேற்று ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிந்ததும் நம் கேப்டன் நிருபர்களிடம், தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது, வேறு அணிக்குப் போக விரும்புகிறேன் என்று பேசிய அந்த அரை நிமிடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு நம் ரசிகர்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் விழுந்த வசவுகளை நானும் படித்தேன். துரோகியாம், நன்றி கெட்டவராம், கோடிகளை வாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாராம். இந்தச் சீருடைக்காகப் பல்லையும் முழங்காலையும் கொடுத்தவரைப் பற்றியா இப்படிப் பேசுவது?

நான் சொல்வது ஒன்றுதான். அவரை வேறு அணிக்கு மாற்றுங்கள். வீரர்களைக் கைமாற்ற லீக் வைத்திருக்கும் கெடு தேதிக்குள், அவர் விரும்பும் அணிக்கு, மரியாதையோடு.

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரே" என்கிறீர்கள். போட்டார். கோப்பைக்கு ஆடப்போகிறோம் என்று சொன்ன அணிக்காகப் போட்டார். அவருக்கு இருபுறமும் ஆடிய இருவரையும் டிராஃப்ட் வாய்ப்புகளுக்காக, அதாவது புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக, கைமாற்றிவிட்டு, அணியை அடியிலிருந்து கட்டும் மறுகட்டமைப்பு என்று அறிவித்தது அவரா? அவருடைய சம்மதமில்லாமல் அவரை மாற்றக் கூடாது என்ற விதியும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அந்தச் சம்மதத்தை அவரே தர முன்வந்திருக்கிறார். எதை மீறினார்?

அடுத்து, "காத்திருந்தால் நல்ல விலை கிடைக்கும், டுஷேன் விஷயத்தைப் பாருங்கள்" என்ற வாதம். பார்ப்போம். கொலராடோ அணியின் வீரர் மேட் டுஷேன் வெளியேற விரும்பியபோது அந்த அணியின் மேலாளர் ஜோ சாக்கிக் அவசரப்படவில்லை. 2017 நவம்பர் வரை பொறுத்திருந்து, சாமுவேல் ஜிரார்ட் என்ற இளம் வீரரையும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும் இன்னும் சிலவற்றையும் வாங்கினார். அந்த வாய்ப்பில் வந்தவர் போவன் பைரம். 2022இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் இருவருமே இருந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் டுஷேனுக்கு அப்போது வயது 26. நம்மவருக்கு 34! ஒவ்வொரு மாதமும் அவர் விலை இறங்குமே தவிர ஏறாது. உங்களுக்கு உதாரணம் வேண்டுமென்றால் கால்கரி அணியைப் பாருங்கள். கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளின் பக்கமே போகாத ஆண்டுகளிலும் ஜெரோம் இகின்லா என்ற வீரரை விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். 2013 மார்ச்சில், அவருடைய 35ஆவது வயதில், பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியபோது கிடைத்தவை ஒரு முதல் சுற்று வாய்ப்பும் இரண்டு இளம் வீரர்களும். அந்த இருவரில் ஒருவர்கூட கால்கரியில் காலூன்றவில்லை.

"இளைஞர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?" இந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது. போன சீசனில் ஒரு பயிற்சியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லோரும் உள்ளே போன பிறகு, புதிதாக வந்த அந்தப் பையனைச் சுவரோரம் நிறுத்தி வைத்துக்கொண்டு, பக்கை, அதாவது ஆட்டத்தில் அடிக்கும் அந்த ரப்பர் வட்டை, எடுக்கப் போகும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் கேப்டன். பையன் மறந்தபோதெல்லாம் மட்டையால் அவன் இடுப்பில் மெல்லத் தட்டினார். கோபமே இல்லை. இந்த சீசனில் பயிற்சி முடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடுகிறாராம். மனம் விட்டுப்போன மனிதரிடம் எந்தப் பாடத்தை எதிர்பார்க்கிறீர்கள்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஒரு மூத்தவர் இருந்தார். எங்கள் வரைவுகளைத் திருத்தித் திருத்தி எழுதவே கற்றுக்கொடுத்தவர். இடமாற்றம் கேட்டார். "நீங்கள் போனால் இவர்களை யார் பார்த்துக்கொள்வது" என்று மேலிடம் மறுத்துவிட்டது. அதன் பிறகு எங்கள் தாள்களைப் படிக்காமலே கையெழுத்திட்டுத் தள்ளினார். ஓய்வுபெற்ற நாளில் எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போனார். அவர் மீது எனக்கு இன்றுவரை கோபமில்லை. பிடித்து வைத்தவர்கள் மீதுதான்.

வெளியேறக் கேட்பது துரோகம் என்றால் ரே போர்க்கை என்னவென்று சொல்வீர்கள்? பாஸ்டனுக்காக 1979 முதல் ஆடியவர், 2000 மார்ச்சில் தானே கேட்டுத்தான் கொலராடோ போனார். 2001இல், நாற்பது வயதில், அவர் அணி வென்றது. கோப்பையை வாங்கிய கேப்டன், அன்று களத்தில் இருந்த அதே சாக்கிக், தான் தூக்காமல் போர்க்கின் கையில் கொடுத்தார். அந்தக் கோப்பையோடு போர்க் பாஸ்டனுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வாழ்த்தினார்கள். வேறு அணி வென்ற கோப்பை அது! விட்டுக்கொடுத்த ரசிகர்களுக்கு அவர் அந்நியராகிவிடவில்லை. நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது என்று அவர் சொன்னார். நாம் தினமும் இங்கே எழுதுவதும் அதைத்தானே? நமக்கு மட்டும் அலுக்கலாமா?

"சம்பளம் பெரிது, யாரும் வாங்க மாட்டார்கள்" என்பது சாக்கு. ஊதியத்தில் பாதி வரை பழைய அணியே சுமக்க லீக் விதி இடம் தருகிறது. ஓர் அணி மொத்தமாகச் செலவிடலாம் என்று லீக் வைத்திருக்கும் ஊதிய வரம்பில் நமக்கு வேண்டிய அளவு இடம் காலியாகக் கிடக்கிறது. நாம் பாதியைச் சுமந்தால் வாங்க வருகிறவர்களும் கூடுவார்கள், கிடைக்கும் டிராஃப்ட் வாய்ப்பும் உயரும். அவர் போகச் சம்மதிக்கும் அணிகளின் பட்டியல் மேலாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவரைத் திட்டுவதை விட்டுவிட்டு, அந்த அணிகளை அழைக்கும்படி மேலாளரைக் கேளுங்கள்.